நாஜிகளை எதிர்த்துத் தப்பிய ஒருவரின் வாழ்க்கையை எழுதப் போகிறீர்களா? ஊரிலிருந்து தொடங்குங்கள்

பெயரை மட்டும் வைத்துத் தேடினால் பாதி வழியில் நின்றுவிடுவீர்கள். உதாரணத்துக்கு, நாஜிகளை எதிர்த்துப் போராடிய யூதப் புகைப்படக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள்: கனடாவில் ஃபேய் ஷுல்மன் என்ற பெயரில் 2021 வரை வாழ்ந்தவர், 1919-இல் பிறந்தபோது ஃபைகல் லாசெப்னிக். அதனால் முதலில் பிறந்த ஊரைப் பிடியுங்கள். அவர் ஊர் லெனின். அன்று கிழக்குப் போலந்து, இன்று பெலாரூஸ். ஊர்ப்பெயரை மட்டும் தட்டினால் ரஷ்யத் தலைவர்தான் வந்து நிற்பார், நாட்டையும் சேர்த்துப் போடுங்கள். ஜெருசலேமில் யூத இனப்படுகொலைக்கான நினைவு மையமான யாத் வஷேம், நாஜிகளால் பாதிக்கப்பட்டவர்களின் பதிவுகளை வைத்திருக்கும் ஜெர்மனியின் அரோல்சன் ஆவணக் காப்பகம் இரண்டிலும் இணையத்தில் இலவசமாகத் தேடலாம். ஒரே பெயரை நான்கைந்து எழுத்துக்கூட்டலில் போட்டுப் பாருங்கள்.

அப்புறம் படங்கள். இங்கே அவசரமே கூடாது. 1942 ஆகஸ்ட் 14 அன்று ஜெர்மானியர் லெனின் கெட்டோவில் (யூதர்களை அடைத்து வைத்திருந்த பகுதி) 1,850 யூதர்களைக் கொன்றார்கள். ஃபேய்க்குப் புகைப்படத் தொழில் தெரியும் என்பதால் விட்டுவைத்தார்கள். அந்தக் கொலைகளைத் தாங்கள் எடுத்த படங்களையே அவரிடம் கழுவக் கொடுத்தார்கள். குழியில் தன் குடும்பத்தார் கிடப்பதை அதில்தான் பார்த்தார், யாருக்கும் தெரியாமல் தனக்கும் பிரதி போட்டு வைத்துக்கொண்டார். பிறகு தப்பிப்போய், காட்டிலிருந்த சோவியத் கொரில்லாப் படையில் செவிலியரானார். அங்கே டாக்டராக இருந்தவர் ஒரு கால்நடை மருத்துவர்! அந்தப் படை லெனின் ஊர்மேல் நடத்திய ஒரு தாக்குதலில் அவருடைய கேமரா திரும்பக் கிடைத்தது. போர்வைக்குள் நெகட்டிவ் கழுவி, பகலில் வெயிலில் காட்டிப் பிரதி எடுத்து, இப்படியே 100-க்கும் மேற்பட்ட படங்கள். ஆக ஒரே பெண்ணிடமிருந்து கொலைகாரர்கள் எடுத்த படங்களும் வந்திருக்கின்றன, அவர்களை எதிர்த்தவர் எடுத்த படங்களும் வந்திருக்கின்றன. யார் எடுத்தது, யாருக்காக எடுத்தது என்று கீழே எழுதாமல் ஒரு படத்தைக்கூடப் போடாதீர்கள்.

பலர் காட்டுப் போராட்டம் முடிந்த 1944-ஓடு கதையை முடித்துவிடுகிறார்கள், எனக்கு அது பொறுக்கவே இல்லை. ஃபேய் தன்னைப் போலவே காட்டில் போராடிய மோரிஸ் ஷுல்மனை மணந்து, ஜெர்மனியின் லாண்ட்ஸ்பெர்க் அகதி முகாமில் இருந்துவிட்டு, 1948-இல் கனடா போனார்; டொராண்டோவில் துணி தைக்கும் ஆலையில் வேலை, பிறகு கறுப்பு வெள்ளைப் படங்களுக்குக் கையால் வண்ணம் தீட்டும் வேலை. புலம்பெயர்ந்த பிறகு 70 ஆண்டுக்கு மேல் வாழ்ந்தவர் அவர். உங்கள் கட்டுரையில் அந்தக் காலத்துக்கும் தாராளமாக இடம் ஒதுக்குங்கள்: முகாமில் எத்தனை காலம், முதல் வேலை என்ன, பிள்ளைகளிடம் எப்போது வாய் திறந்தார், இதையெல்லாம் குடும்பத்தாரிடம் நேரிலேயே கேளுங்கள். சொல்ல விருப்பமில்லை என்றால் சரி என்று விட்டுவிடுங்கள், வற்புறுத்த வேண்டாம்.