குழந்தைக்கு முதல் வளர்ப்புப் பிராணி: புதுச்சேரி, கடலூர் வெயிலுக்கு எது ஒத்துவரும்?

நான்கு வயது முதல் எட்டு வயது வரை உள்ள பிள்ளைக்கு முதன்முதலாக ஒரு சின்ன உயிரை வாங்கித் தர நினைக்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். நாய், பூனை பற்றி இங்கே பேசப்போவதில்லை. கூண்டிலோ தொட்டியிலோ வளர்பவை மட்டும்.

ஒரு வேண்டுகோளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எதை வாங்குவது என்று முடிவாகும் வரை பிள்ளையைக் கடைக்கு அழைத்துப் போகாதீர்கள். கூண்டில் வெள்ளை முயல் கண்ணை உருட்டிக்கொண்டு நிற்கும்போது யாராலும் நிதானமாக யோசிக்க முடியாது. வீட்டிலேயே உட்கார்ந்து, கீழே உள்ள வரிசையில் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வாருங்கள்.

படி 1: யார் பார்த்துக்கொள்ளப் போகிறார்கள்?

பிள்ளை பார்த்துக்கொள்ளாது. ஆறு வயதுப் பிள்ளை தீனி போடும், பேர் வைக்கும், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டி வந்து காட்டும். கூண்டைக் கழுவுவதும் தண்ணீர் மாற்றுவதும் பெரியவர் வேலைதான். அம்மா அப்பா இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் அது பெரும்பாலும் ஆயா, தாத்தா தலையில்தான் விழும். அதனால் முதலில் அவர்களிடம் கேளுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

எத்தனை வருடம் என்பதும் முக்கியம். கப்பி மீன் ஏறக்குறைய இரண்டு வருடம் இருக்கும். ஹேம்ஸ்டர் என்ற குட்டி எலி வகை இரண்டு மூன்று வருடம், வாலில்லாத பெரிய எலி போன்ற கினிப் பன்றி ஐந்து முதல் எட்டு, பட்ஜி என்ற சின்னக் கிளி ஐந்து முதல் பத்து, முயல் எட்டு முதல் பன்னிரண்டு. யு.கே.ஜி. படிக்கும் பிள்ளைக்கு இன்று வாங்கும் முயல், அது பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதும்போதும் உங்கள் வீட்டில் இருக்கலாம்.

பிள்ளைக்கு வீசிங் தொந்தரவு இருந்தால் ரோமம், இறகுத் தூசி, உலர்ந்த புல் மூன்றுமே அதைக் கிளப்பலாம். மருத்துவரிடம் கேட்டுவிட்டு மேலே போங்கள்.

படி 2: வெயிலை வைத்துக் கழியுங்கள்

இணையத்தில் கிடைக்கும் பட்டியல்களில் பெரும்பாலானவை குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. முயல், ஹேம்ஸ்டர், கினிப் பன்றி என்று அடுக்கியிருப்பார்கள். நம் ஊருக்கு அது அப்படியே பொருந்தாது. கத்திரி வெயிலில் புதுச்சேரியிலும் கடலூரிலும் 38, 40 டிகிரியைத் தொடும் நாட்கள் உண்டு. கூடவே கடற்கரைப் புழுக்கம். இந்த மூன்று பிராணிகளுக்கும் நம்மைப் போல வியர்த்து உடம்பைக் குளிரவைக்க வழியில்லை. 30 டிகிரியைத் தாண்டினாலே திணற ஆரம்பிக்கும். காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, வாயைத் திறந்து மூச்சு வாங்கி, எச்சில் ஒழுகினால் உயிருக்கே ஆபத்து. மொட்டை மாடிக் கொட்டகையிலும் தகரக் கூரையின் கீழும் வைத்த முயல் மே மாத மதியத்தில் செத்துப்போவது இதனால்தான். பகல் முழுக்கக் குளிர்ச்சியாக இருக்கும் அறை உங்கள் வீட்டில் இல்லையென்றால், இந்த மூன்றையும் தயங்காமல் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள்.

அப்புறம் புயல். 2011 டிசம்பர் 30-இல் தானே, 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல். இரண்டையும் பார்த்த ஊர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இரண்டு நாள் கரன்ட் இல்லை, கடைக்கும் போக முடியாது என்றால் அந்த உயிர் தாங்குமா என்று இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 3: வாங்கவே கூடாதவை

பச்சைக்கிளி, மைனா, சில்லை என்ற சின்னக் குருவி, நட்சத்திர ஆமை. இவை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. வாங்குவதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். “எல்லார் வீட்டுலயும் வளர்க்கிறாங்க சார்” என்று விற்பவர் சொன்னாலும் சட்டம் மாறாது. காட்டிலிருந்தும் தோப்பிலிருந்தும் பிடித்து, இறக்கையை வெட்டிக் கொண்டுவந்த குஞ்சுகள் அவை.

கன்னத்தில் சிவப்புக் கோடு போட்ட குட்டி ஆமையைக் கடைகளில் பார்த்திருப்பீர்கள். உள்ளங்கை அளவில் இருக்கும் அது ஒரு அடி நீளம் வரை வளரும், இருபது முப்பது வருடம் உயிரோடிருக்கும். ஆமைகளின் உடம்பில் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சால்மோனெல்லா கிருமி சாதாரணமாக இருக்கும். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் கையை வாயில் வைக்காமல் இருக்க மாட்டார்கள்.

கலர் கோழிக்குஞ்சும் வேண்டாம். பிறந்து ஓரிரு நாளான குஞ்சுக்கு முதல் வாரம் 32 முதல் 35 டிகிரி வரை இதமான சூடு தேவை. அட்டைப்பெட்டியில், ஃபேனுக்குக் கீழே அது குளிரில் ஒடுங்கிச் சாகிறது. பிள்ளை அதைக் கையில் வைத்துக்கொண்டே பார்க்கும். சால்மோனெல்லா பயம் இதிலும் உண்டு.

படி 4: வயதுக்குப் பொருத்துங்கள்

ஐந்து வயதுக்குள் என்றால் மீன் மட்டும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இந்த வயதில் பிள்ளைக்குப் பிடி எவ்வளவு இறுகுகிறது என்று தெரியாது.

ஆறு, ஏழு வயதில் மீன், அல்லது ஒரு ஜோடி பட்ஜி. எட்டுக்கு மேல், குளிர்ந்த அறையும் இருந்தால், கினிப் பன்றியை யோசிக்கலாம். பகலில் விழித்திருக்கும், அவ்வளவாகக் கடிக்காது, தீனிப் பை சத்தம் கேட்டாலே கீச்சென்று கத்தும். ஆனால் தனியாக வளர்க்கக்கூடாது, ஒரே பாலாக இரண்டு வேண்டும். மனிதரைப் போலவே அதன் உடம்பாலும் வைட்டமின் சி-யைத் தயாரிக்க முடியாது, ஆகவே தினமும் குடைமிளகாய், கொத்தமல்லி போன்றவை கொடுக்க வேண்டும். புல்தான் முக்கிய உணவு. மணக்குள விநாயகர் கோயில் வாசலில் விற்கும் அருகம்புல்லைக்கூட நன்றாக அலசிக் கொடுக்கலாம்.

ஹேம்ஸ்டர் சிறு பிள்ளைக்கு ஏற்றதில்லை. அது பகலெல்லாம் தூங்கும், பிள்ளை தூங்கப்போகும் நேரத்தில் எழும். பகலில் எழுப்பித் தூக்கினால் கடிக்கும். முயலும் தூக்கிக் கொஞ்சுவதற்கான பிராணி இல்லை. தரையிலிருந்து தூக்கினாலே பருந்து கவ்வியதாகப் பயந்து உதைக்கும், அந்த உதையில் அதன் முதுகெலும்பே முறியலாம். எந்தப் பிராணி கடித்தாலும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

படி 5: கப்பித் தொட்டி அமைப்பது

பெரும்பாலான வீடுகளுக்கு என் பரிந்துரை இதுதான். கப்பி நம் வெயிலைத் தாங்கும், கொஞ்சம் உப்புக் கலந்த போர் தண்ணீரிலும் நன்றாக இருக்கும், நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருப்பதால் பிள்ளைக்குப் பார்க்க ஏதாவது இருக்கும்.

கண்ணாடிக் கிண்ணத்தில் தங்கமீன் வேண்டாம். அது ஒரு சாண் வரை வளரக்கூடிய மீன், அழுக்கும் நிறையப் போடும். கிண்ணத்தில் மெதுவாகச் சாகும்.

இரண்டடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரத் தொட்டி வாங்குங்கள். ஐம்பது லிட்டருக்கு மேல் பிடிக்கும். நிரப்பினால் ஐம்பது கிலோவைத் தாண்டும் என்பதால் பிளாஸ்டிக் ஸ்டூல் தாங்காது. வெயில் நேராக விழாத இடத்தில், பிள்ளையின் கண் மட்டத்தில், அசையாத மேசையில் வையுங்கள். மூடி கட்டாயம். தண்ணீர் பிடித்து வைக்கும் வாளியையும் பிள்ளைக்கு எட்டாமல் வையுங்கள், தவழும் பிள்ளைக்கு ஒரு வாளித் தண்ணீரே ஆபத்து.

நகராட்சிக் குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். வாளியில் ஒரு நாள் மூடாமல் வைத்திருந்து ஊற்றுங்கள், அல்லது கடையில் கிடைக்கும் குளோரின் நீக்கும் சொட்டு மருந்தைச் சேருங்கள். ஆர்.ஓ. தண்ணீர் மட்டும் ஊற்றாதீர்கள், கப்பிக்குத் தேவையான தாதுக்கள் அதில் இல்லை. காற்று மோட்டாரில் ஓடி அழுக்கை வடிகட்டும் ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஹார்ன்வர்ட் என்ற தண்ணீர்ச் செடி ஒரு கைப்பிடி போதும்.

இனிதான் பலரும் தடுக்கி விழும் இடம். தொட்டியை நிரப்பிய அன்றே மீன் விடக்கூடாது. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா வரும், அது விஷம். அதை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவாகக் கெடுதல் செய்யாத நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா ஸ்பாஞ்சில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். தெரிந்தவர் வீட்டில் ஆரோக்கியமான தொட்டி இருந்தால் அவர்களுடைய பழைய ஸ்பாஞ்சில் ஒரு துண்டு கேட்டு வாங்கி உள்ளே போடுங்கள், காத்திருப்பு வெகுவாகக் குறையும். செடியை வைத்துவிட்டு, தினம் ஒரு சிட்டிகைத் தீனி மட்டும் போட்டு வாருங்கள், அது அழுகி பாக்டீரியாவுக்கு உணவாகும். பிள்ளைக்கு இந்த நாட்களில் காலண்டரில் கட்டம் அடிக்கும் வேலையைக் கொடுக்கலாம்.

மீன் வாங்கும்போது ஆண் கப்பிகளை மட்டும் கேளுங்கள். வண்ண வாலோடு சின்னதாக இருப்பவை ஆண். பெண் பெரிதாக, சாம்பல் நிறத்தில் இருக்கும். கடையில் இருக்கும் பெண் கப்பி அநேகமாகச் சினையாகத்தான் வரும், நான்கு வாரத்துக்கு ஒருமுறை குட்டி போடும். முதலில் மூன்று ஆண் மீன் வாங்குங்கள், இரண்டு வாரம் கழித்து இன்னும் மூன்று. செத்த மீன் மிதக்கும் தொட்டியிலிருந்தும், உடம்பில் வெள்ளைப் புள்ளியோ ஒடுங்கிய துடுப்போ உள்ள மீன்கள் இருக்கும் தொட்டியிலிருந்தும் வாங்காதீர்கள். பையை அப்படியே தொட்டியில் இருபது நிமிடம் மிதக்கவிட்டு, உங்கள் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் சேர்த்து, பிறகு வலையால் மீனை மட்டும் விடுங்கள்.

தீனி விஷயத்தில்தான் பிள்ளையைக் கவனிக்க வேண்டும். டப்பா கைக்குக் கிடைத்தால் அன்போடு முழுவதையும் கொட்டிவிடும், மறுநாள் தண்ணீர் பாலாகிவிடும். ஏழு அறை உள்ள மாத்திரை டப்பா ஒன்று வாங்கி, ஒவ்வொரு அறையிலும் ஒரு சிட்டிகை போட்டுவையுங்கள். தினம் ஒரு அறையைத் திறப்பது பிள்ளையின் உரிமை. தீனி டப்பா பரணில் இருக்கட்டும்.

வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள். ஸ்பாஞ்சை அந்த எடுத்த தண்ணீரிலேயே பிழிந்து கழுவுங்கள், குழாயடியில் கழுவினால் பாக்டீரியா செத்துவிடும். கொசு மருந்து ஸ்ப்ரே மீனுக்குக் கடும் விஷம். அந்த அறையில் அடிக்கவே அடிக்காதீர்கள். கரன்ட் போனால் தீனியை நிறுத்திவிட்டு, அவ்வப்போது ஒரு டம்ளரால் தண்ணீரை மொண்டு மேலிருந்து ஊற்றுங்கள். பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் ஒன்றை ஐப்பசிக்கு முன்பே வாங்கி வைத்தால் நிம்மதி.

படி 6: பட்ஜிதான் வேண்டும் என்றால்

கடையில் லவ் பேர்ட்ஸ் என்று கேட்டால் இதைத்தான் பெரும்பாலும் கொடுப்பார்கள். ஆஸ்திரேலியாவின் வறண்ட பகுதியைச் சேர்ந்த பறவை என்பதால் வெயில் தாங்கும், ஆனாலும் நிழலும் எந்நேரமும் தண்ணீரும் வேண்டும். உயரமான கூண்டை விட அகலமான கூண்டு நல்லது. தினை, சாமை, அதோடு முருங்கைக்கீரை, கொத்தமல்லி. கூண்டில் மண்பானை கட்டாதீர்கள், கட்டினால் முட்டையிடத் தொடங்கிவிடும்.

சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் ஓடு வேண்டும். தேவனாம்பட்டினம் கடற்கரையில் ஒதுங்கியிருந்தால் பிள்ளையே பொறுக்கி வரலாம். நான்கைந்து நாள் நல்ல தண்ணீரில், தினமும் தண்ணீர் மாற்றி ஊறவைத்து, வெயிலில் காயவைத்துக் கூண்டில் மாட்டுங்கள்.

சமையலறைக்குப் பக்கத்தில் கூண்டு கூடாது. நான்ஸ்டிக் பாத்திரம் அதிகம் சூடாகிப் புகைந்தால் பறவை நிமிடங்களில் செத்துவிடும். பால்கனியில் தொங்கவிட்டால் இரவில் உள்ளே எடுத்துவிடுங்கள். பூனை, எலி, பாம்பு எல்லாம் தேடி வரும். வெளியே பறக்கவிடும்போது சீலிங் ஃபேனை நிறுத்துங்கள்.

படி 7: வாங்கும் முன் மருத்துவரைத் தேடுங்கள்

எல்லாக் கால்நடை மருத்துவர்களும் பறவையையும் சிறு பிராணியையும் பார்ப்பதில்லை. புதுச்சேரி குரும்பாப்பேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. உங்கள் பிராணிக்கு எந்த நாளில், எந்த நேரத்தில் பார்ப்பார்கள் என்று நேரில் போய்க் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மீன் சாகும்போது பிள்ளையிடம் செத்துப்போய்விட்டது என்றே சொல்லுங்கள். ஊருக்குப் போயிருக்கிறது என்றால் திரும்பி வரும் என்று காத்திருக்கும். ராத்திரியோடு ராத்திரியாக அதே நிறத்தில் வேறு மீன் வாங்கிப் போடவும் வேண்டாம். அழட்டும், பக்கத்தில் உட்காருங்கள்.

வளர்க்க முடியாமல் போனால் கடைக்காரரிடமோ வளர்ப்பவரிடமோ கொடுத்துவிடுங்கள். ஊசுட்டேரியிலும் பாகூர் ஏரியிலும் விடாதீர்கள். கப்பியும் அந்தச் சிவப்புக் கன்ன ஆமையும் நம் நீர்நிலைக்குச் சொந்தமானவை இல்லை. அங்கே பெருகினால் நம் ஊர் மீன்களின் இரையையும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும்.