ஆடியில் கொழும்புக்கு வருகிறீர்களா? வேல் பார்த்துவிட்டு வடக்கே போங்கள்

விடுமுறைக்கு வருகிற பலர் கட்டுநாயக்காவில் இறங்கி, அன்றிரவே வெள்ளவத்தையில் யாழ்ப்பாண பஸ் ஏறிவிடுகிறார்கள். ஆடி மாதத்தில் வருபவர்கள் அப்படிச் செய்ய வேண்டாம். கொழும்பில் இரண்டு மூன்று நாள் நின்று, முருகனின் வேலை ரதத்தில் ஊர்வலமாகக் கொண்டுபோகும் ஆடிவேல் விழாவைப் பாருங்கள். தலைநகரின் பெருந்தெருவில் முருகனுக்கு வழிவிட்டு வாகனங்கள் ஒதுங்கி நிற்பதைப் பிள்ளைகள் ஒருதடவையாவது பார்க்க வேண்டும்.

முதலில் திகதி. விமான டிக்கெட் போடுமுன் பஞ்சாங்கத்தைத் திறவுங்கள். வேல் முடிந்து வடக்கே போகிறவர்கள் பார்க்க நினைப்பது யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழா. அதன் கொடியேற்றம் ஆடி அமாவாசையிலிருந்து எண்ணி ஆறாம் நாள். தேர் 24ஆம் திருவிழா, தீர்த்தம் 25ஆம் திருவிழா. 2023இல் அமாவாசை ஆடியின் கடைசியில் விழுந்ததால் கொடியேற்றம் ஆகஸ்ட் 21, தேர் செப்டெம்பர் 13. 2025இல் கொடியேற்றம் ஜூலை 29, தேர் ஆகஸ்ட் 21. மூன்று வாரத்துக்கு மேல் வித்தியாசம்! போன முறை வந்த அதே திகதிக்கு டிக்கெட் போட்டவர்கள் தேரைத் தவறவிடுவது இதனால்தான். ஆடிவேல் பெரும்பாலும் ஆடிப் பௌர்ணமியை ஒட்டி வரும். ஆனால் வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் சில நேரம் ஒத்துப்போகாது, தென்னிலங்கை முருகன் தலமான கதிர்காமத்தின் திருவிழாத் திகதியும் எல்லா ஆண்டும் கொழும்புக்குப் பொருந்தாது. கோயிலில் கேட்டு உறுதிசெய்வது ஒன்றே வழி. செட்டிமாரின் வேல், சம்மாங்கோட்டாரின் வேல் எனத் தனித்தனியாக இரண்டு ஊர்வலம் இருப்பதால், எதைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்பதையும் தெளிவாகச் சொல்லுங்கள்.

கொலரா பயத்தில் ஆங்கிலேய அரசு கதிர்காம யாத்திரைக்குக் கட்டுப்பாடு போட்ட 1870களில், போக முடியாத அடியார்களுக்காகக் கொழும்பிலேயே எடுத்த விழா இது. செட்டியார் தெருக் கதிரேசன் கோயிலில் புறப்படும் வேல், காலிமுகத்திடலைக் கடந்து, காலி வீதி வழியே பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோயிலுக்குப் போகும். அங்கே சில நாள் பூசை கண்டு திரும்பும். தூரம் பெரிதில்லை, ஆனால் கடைக்குக் கடை பூரண கும்பம் வைத்து மறிப்பார்கள், ரதம் நின்று நின்றுதான் நகரும். எத்தனை மணிக்கு உங்கள் இடத்துக்கு வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. வயதானவர்களும் சிறுபிள்ளைகளும் இருந்தால் முழு ஊர்வலத்தையும் தொடர நினைக்காதீர்கள். புறப்பாட்டைச் செட்டியார் தெருவில் பாருங்கள். குறுகலான தெரு, நகைக்கடைகளுக்கு நடுவே ரதம் மிகக் கிட்ட வரும். பிறகு அறைக்குப் போய்ச் சாப்பிட்டு, படுத்தெழும்பி, மாலையில் பம்பலப்பிட்டியில் மறுபடி பிடியுங்கள்.

அன்று காலி வீதியில் காரோ ஆட்டோவோ எடுப்பது வீண். கரையோர ரயில்தான் கைகொடுக்கும். கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை நிலையங்கள் மூன்றும் கடலோரத்தில், காலி வீதிக்குச் சில நிமிட நடையில் உள்ளன. செட்டியார் தெருவுக்குப் போகக் கோட்டை நிலையத்தில் இறங்கிப் புறக்கோட்டைக்குள்ளால் நடந்துவிடலாம்.

காலில் கவனம் வேண்டும். ரதத்துக்கு முன்னால் சிதறுதேங்காய் அடித்துக்கொண்டே போவார்கள். சிரட்டைத் துண்டுகள் முனை மேலே பார்த்தபடி தாரில் கிடக்கும், இளநீர் பட்ட இடம் வழுக்கும். வெறுங்காலோடு பின்தொடர நேர்ந்திருப்பவர்கள் தொடரட்டும். மற்றவர்கள் செருப்போடு ஓரமாக நின்று, ரதம் வந்ததும் கழற்றிக் கும்பிட்டால் போதும். தேங்காய் அடிக்கும் இடத்திலிருந்து பிள்ளைகளைப் பத்தடி தள்ளியே வைத்திருங்கள்.

அர்ச்சனைத் தட்டைக் கோயில் வாசல் கடையிலேயே வாங்கலாம்: தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை, பாக்கு, பூ, கற்பூரம், ஊதுபத்தி. தேங்காயைக் காதருகே ஆட்டித் தண்ணீர்ச் சத்தம் கேட்டு எடுங்கள். குருக்கள் பெயரும் நட்சத்திரமும் கேட்பார்; வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகள் அந்த நேரம் அம்மாவின் முகத்தைப் பார்ப்பார்கள், பின்னால் வரிசை நெரிக்கும். வீட்டிலேயே ஒரு துண்டில் தமிழில் எழுதிக் கொண்டுவந்து கொடுங்கள். தட்சணைக்கு நூறு ரூபாய்த் தாள்கள் தனியாக இருக்கட்டும்.

கோயிலைச் சுற்றிக் கரும்பும் வளையலும் பலகாரமும் விற்பார்கள். சிங்களக் குடும்பங்களும் பிள்ளைகுட்டிகளோடு வருவார்கள். பௌர்ணமி அரச விடுமுறை என்பதால் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி அறைகள் முன்னரே நிரம்பிவிடும். மதுக்கடைகளும் இறைச்சிக்கடைகளும் அன்று பூட்டு.

அதே மாதத்தில் இன்னும் இரண்டு. வெள்ளவத்தை மயூரபதி அம்மன் கோயிலில் ஆடிப்பூரப் பாற்குடம்; சேலையோ நீளப் பாவாடையோ கட்டிக்கொண்டு காலையிலேயே போய்விடுங்கள். உடப்புத் திரௌபதை அம்மன் கோயிலில் தீமிதிப்பு. சிலாபத்தைத் தாண்டிப் புத்தளப் பக்கம் இருக்கிற கடலோரத் தமிழூர் அது. மகாபாரதக் கதையோடு சேர்ந்து நாட்கணக்காக நடக்கும் விழாவின் முடிவுதான் தீமிதிப்பு. பார்க்க மட்டும் போங்கள். விரதமில்லாமல் ஆசைக்கு இறங்குகிற இடமல்ல. திரும்பிவர இரவில் பஸ் தேடி அலைய வேண்டாம், நாலைந்து பேர் சேர்ந்து வான் பிடித்துவிடுங்கள். பகல் நேரம் மிஞ்சினால் வழியில் முன்னேஸ்வரம் சிவன் கோயிலிலும் கும்பிடலாம்.

ஆடியில் வர முடியாதவர்களுக்குக் கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் தேவாலயப் பெருநாள் இருக்கிறது, ஜூன் 13. இதன் திகதி மாறாது. மாலைச் சுற்றுப்பிரகாரத்துக்குச் சமயம் பாராமல் சனம் கூடும். 2019 ஈஸ்டர் தாக்குதலுக்குப் பிறகு பைகளைச் சோதித்தே உள்ளே விடுகிறார்கள், ஆகவே பெரிய பையை அறையில் விட்டுவிட்டுப் போங்கள்.

வேல் முடிந்து நல்லூருக்குப் போகிறவர்கள் ரயில் இருக்கையை 30 நாள் முன்பு, முன்பதிவு திறக்கும் அன்றே எடுத்துவிடுங்கள். தேர் வாரத்தில் வெள்ளவத்தைப் பஸ் கடைகளிலும் கடைசி நேரத்தில் கிடைப்பது பின்வரிசை மட்டுமே. ஆண்கள் வேட்டியைக் கைப்பையிலேயே வையுங்கள். நல்லூர் உள்ளே மேற்சட்டையோடு போக விடமாட்டார்கள்.