‘ரன்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள் காண்பது எப்படி?

ஆங்கிலம் கற்கத் தொடங்குபவர்கள் ‘ரன்’ என்றால் ‘ஓடு’ என்று முதல் வாரத்திலேயே மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். பிறகு ஒரு பெண் பள்ளிக்கூடத்தை ‘ரன்’ செய்கிறாள் என்று படிக்கும்போது திகைத்து நிற்கிறார்கள். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் 1989ஆம் ஆண்டுப் பதிப்பில் ‘செட்’ என்ற வினையே மிக நீண்ட இடத்தைப் பிடித்திருந்தது; பின்னர் திருத்தி எழுதப்பட்டபோது ‘ரன்’ என்ற வினைக்கு மட்டும் 645 பொருள்கள் பிரித்துக் காட்டப்பட்டன. இத்தனையையும் யாரும் உருப்போட முடியாது, உருப்போடவும் வேண்டாம். வாக்கியத்திடம் சரியான கேள்விகளைக் கேட்கப் பழகினால் போதும்.

முதலில், ஓடுவது எது என்று பாருங்கள். ஆறு, வண்டி, கடிகாரம், திரைப்படம் ஆகியவை எழுவாயாக வந்தால் பெரும்பாலும் கவலையே இல்லை. தமிழிலும் ஆறு ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடுகிறது. ஆனால் மூக்கு ‘ரன்’ ஆனால் ஒழுகுகிறது என்றும், துணியின் நிறம் ‘ரன்’ ஆனால் சாயம் போகிறது என்றும் எழுத வேண்டும்.

இரண்டாவதாக, செயப்படுபொருள் உண்டா என்று பாருங்கள். என் அனுபவத்தில் பெரும்பாலான பிழைகள் இங்கேதான் பிறக்கின்றன. தமிழில் ‘ஓடு’ தன்வினை, ‘ஓட்டு’ பிறவினை. பழைய ஆங்கிலத்திலும் தானே ஓடுவதற்கு ஒரு வினையும் ஓடச் செய்வதற்கு வேறொரு வினையும் இருந்தன. காலப்போக்கில் இரண்டும் ‘ரன்’ என்ற ஒரே வடிவத்தில் கலந்துவிட்டன. எனவே, ஆங்கிலம் இழந்த அந்த வேறுபாட்டை நாம்தான் மீட்டுக்கொள்ள வேண்டும். ‘ஷி ரன்ஸ் எ ஸ்கூல்’ என்ற வாக்கியத்தில் பள்ளி செயப்படுபொருள். ‘பள்ளியை ஓட்டுகிறாள்’ என்று மனத்துக்குள் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். உடனே ‘நடத்துகிறாள்’ என்ற சொல் தானாக வந்து நிற்கும். இதே முறையில் இயந்திரத்தை இயக்குகிறோம், நாளிதழில் செய்தியை வெளியிடுகிறோம். ‘ஷி ரேன் ஹர் ஐஸ் ஓவர் தி லெட்டர்’ என்பதற்கோ மாற்றுச் சொல்லே தேவையில்லை: கடிதத்தின்மீது பார்வையை ஓட்டினாள்.

மூன்றாவதாக, ‘ரன்’னை ஒட்டி வரும் சிறு சொல்லைக் கவனியுங்கள். ‘ரன் இன்டு’ என்றால் எதிர்பாராமல் சந்திப்பது, அல்லது மோதுவது. ‘ரன் ஓவர்’ என்பது, வண்டியைப் பற்றியதானால் ஒருவர்மேல் ஏறிவிடுவதையும், கூட்டத்தைப் பற்றியதானால் குறித்த நேரத்தைத் தாண்டுவதையும் குறிக்கும். ‘ரன் அவுட் ஆஃப்’ சற்றுக் கடினமானது. ‘வி ரேன் அவுட் ஆஃப் பேப்பர்’ என்பதில் எழுவாய் ‘நாங்கள்’. ஆனால் தமிழில் தீர்வது தாள்தான். எனவே, எழுவாயையே மாற்றி ‘எங்களிடம் தாள் தீர்ந்துவிட்டது’ என்று எழுத வேண்டும்.

தேர்தலைப் பற்றியும் ஒரு சொல். அமெரிக்க ஆங்கிலத்தில் வேட்பாளர் தேர்தலில் ‘ரன்’ செய்கிறார். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில், நம்மைப் போலவே, ‘நிற்கிறார்’.

கடைசியாக, ஒரு குறிப்பேட்டில் பொருளை மட்டும் எழுதாமல், முழு வாக்கியத்தையும் அதன் தமிழையும் அருகருகே எழுதிவையுங்கள். பயிற்சிக்கு ‘டைம் இஸ் ரன்னிங் அவுட்’, ‘வி ஆர் ரன்னிங் அவுட் ஆஃப் டைம்’ ஆகிய இரண்டையும் எடுத்துக்கொள்ளலாம். எழுவாய்கள் வேறு, அமைப்பும் வேறு. ஆயினும் மேலே சொன்ன மூன்று கேள்விகளையும் கேட்டுப் பார்த்தால், இரண்டுமே ‘நேரம் தீர்ந்துகொண்டிருக்கிறது’ என்ற ஒரே தமிழ் வாக்கியத்தில் வந்து சேரும்.