பல்லாங்குழியில் ஒரு ஸ்பெக்ட் படம்

போன மாதம் ஆச்சிக்கு ஸ்பெக்ட் முறையில் இதய ஸ்கேன் எடுத்தோம்; ஊசியில் ஏற்றிய கதிரியக்க மருந்து உடலுக்குள்ளிருந்து விடும் காமா கதிரைப் படமாக்குவது அது. கைகளைத் தலைக்கு மேல் தூக்கி அவர் படுத்திருக்க, காமா கேமரா மெல்லச் சுற்றி வந்தது. "வெளியே நிற்கிற பெட்டிக்கு உள்ளே இருப்பது எப்படித் தெரிகிறது?" என்று கேட்டார். பாளையங்கோட்டை வீட்டுத் தார்சாவில் அவருடைய பல்லாங்குழியை வைத்தே விளக்கினேன். நீங்களும் செய்து பாருங்கள். 12 புளியங்கொட்டை போதும். குழி உடலின் ஓர் இடம்; கொட்டை அங்கே சேர்ந்த மருந்து.

முதலில், அடுத்தடுத்த நான்கு குழிகள். ஆச்சி மேலே 8, 1, கீழே 1, 2 என்று போட்டு மூடிவிட்டார். எனக்குச் சொன்னது கூட்டுத்தொகை மட்டும்: மேல் வரிசை 9, கீழ் வரிசை 3, இடப்பக்கம் 9, வலப்பக்கம் 3. கேமராவுக்கும் ஒவ்வொரு கோணத்திலிருந்தும் இப்படிக் கூட்டுத்தொகைதான் கிடைக்கிறது.

அடுத்து, குழிக்கு 3 என்று ஊகியுங்கள். எந்தப் பக்கம் கூட்டினாலும் 6. உண்மைத் தொகையை இதனால் வகுத்தால் 1.5 அல்லது 0.5. ஒவ்வொரு குழியையும் அதன் வரிசை, பக்க விகிதங்களின் சராசரியால் பெருக்குங்கள்: 4.5, 3, 3, 1.5.

ஆனால் 7, 2, 2, 1 என்று போட்டிருந்தாலும் இதே தொகைகள்தான் வரும். ஆகவே மூலைக்கு மூலை கூட்டிச் சொல்லச் சொன்னேன்: 10, 2. மூன்று விகிதங்களோடு மறுபடி தொடங்கினால் 4.67, 2.33, 2.33, 2.67. ஒரே சுற்றில் நான்காவது குழி தலைதூக்கிவிட்டது! இதையே புது ஊகமாக வைத்துத் திரும்பத் திரும்பச் செய்தால் 8, 1, 1, 2-ஐ நெருங்கும்.

ஊகித்து, ஒப்பிட்டு, திருத்தும் இதுதான் ஷெப், வார்டி என்ற ஆய்வாளர்கள் 1982-இல் எழுதிய எம்.எல்.இ.எம். முறை. 1994-இல் ஹட்சன், லார்க்கின் கோணங்களைச் சிறு கூறுகளாகப் பிரித்து வேகப்படுத்தியது ஓ.எஸ்.இ.எம்.

படத்தை மேம்படுத்த நினைப்பவர்கள் ஊகத்தைக் கூட்டும் இடத்தில்தான் கவனம் வைக்க வேண்டும். மருந்தில் உள்ள கதிரியக்கப் பொருளான டெக்னீசியம்-99எம் விடும் காமா கதிர், சுமார் 4.5 செ.மீ. தசையைக் கடப்பதற்குள் பாதியாகிவிடும். ஆழத்தில் உள்ள குழியின் கொட்டைகளை அதற்கேற்பக் குறைத்துக் கூட்டாவிட்டால், உதரவிதானம் மறைக்கும் இதயத்தின் கீழ்ச்சுவரில் இல்லாத குறை தெரியும். சுற்றுகளையும் அளவோடு நிறுத்துங்கள். மிஞ்சினால் இரைச்சல், அதாவது எண்ணிக்கையில் தற்செயலாக வரும் ஏற்ற இறக்கம்தான், புள்ளி புள்ளியாகப் பெருகும்.

"நான் அசைந்திருந்தால்?" என்றார் ஆச்சி. வரிசையும் பக்கமும் கூட்டிய பிறகு, முதல் குழியிலிருந்து ஒரு கொட்டையை இரண்டாவதற்கு மாற்றிவிட்டு மூலைகளைக் கூட்டினோம்: 9, 3. கணக்கு 7.5, 1.5, 1.5, 1.5 என்று முடிந்தது. நான்காவது குழியின் 2 எங்கேயும் தெரியவில்லை.