காளைக்கன்றோடு பிறந்த கிடாரி: மலடா என்று முதல் மாதத்திலேயே கண்டுபிடிப்பது எப்படி

பசு இரட்டைக் கன்று ஈன்று, ஒன்று காளையாகவும் மற்றது கிடாரியாகவும் இருந்தால், அந்தக் கிடாரிகளில் 90 முதல் 95 சதவீதம் வரை மலடுதான். கால்நடை மருத்துவர்கள் இதை ஃப்ரீமார்ட்டின் என்பார்கள். இரண்டுமே கிடாரி என்றால் இந்தக் கவலை இல்லை.

கன்றைப் பார்த்து மட்டும் இதைச் சொல்லிவிட முடியாது. மடி, காம்பு, அறை (பிறப்புறுப்பின் வெளிவாய்) எல்லாம் பெரும்பாலும் சாதாரணமாகவே இருக்கும். சிலவற்றில் அறையின் கீழ் நுனியில் முடிக்கற்றை நீண்டிருக்கும், கிளிட்டோரிஸ் பருத்திருக்கும். இவை இல்லையென்பதால் கன்று நல்ல கன்று ஆகிவிடாது. 15, 18 மாதம் தீவனம் போட்டு வளர்த்த பிறகு, பருவத்துக்கு வரவில்லையே என்று தாது உப்புக் கலவை, குடற்புழு மருந்து, ஹார்மோன் ஊசி என்று செலவு தொடரும். கருப்பையே உருவாகாத மாட்டுக்கு எந்த ஊசியும் பலிக்காது.

நடப்பது இதுதான். சினையின் 30 முதல் 40 நாளுக்குள் இரு கருக்களின் நஞ்சுக்கொடி இரத்த நாளங்கள் ஒன்றோடொன்று இணைந்துவிடுகின்றன. அதன்பின் இரண்டுக்கும் ஒரே இரத்த ஓட்டம். காளைக்கருவின் விரை முதலில் உருவாகி, முல்லேரியன் எதிர்ப்பு ஹார்மோனைச் சுரக்கிறது. காளையின் உடலில் கருப்பை வளராமல் தடுக்க வேண்டிய அந்த ஹார்மோன், இரத்தத்தோடு கிடாரிக்கருவுக்கும் போய்ச் சேருகிறது. கிடாரியின் கருப்பை, கருப்பை வாய், யோனியின் உட்பகுதி ஆகியவற்றைத் தர வேண்டிய குழாய்கள் சிதைந்து நூலாகிவிடும். சினைப்பையில் முட்டைச் செல்கள் அழிந்து, சில கன்றுகளில் அதற்குள்ளேயே விரைக்குழாய் போன்ற அமைப்புகள்கூட முளைக்கும்.

இதே இரத்த ஓட்டத்தில் இரத்தம் உண்டாக்கும் மூலச் செல்களும் இடம் மாறுகின்றன. அதனால் கிடாரியின் இரத்தத்தில் பெண்ணுக்குரிய எக்ஸ்எக்ஸ் குரோமோசோம் கொண்ட செல்களோடு காளையின் எக்ஸ்ஒய் செல்களும் ஆயுள் முழுக்க இருக்கும். இரட்டை மாடுகளின் இரத்தம் இப்படிக் கலந்திருப்பதை அமெரிக்க மரபியலாளர் ரே ஓவன் 1945-இல் காட்டினார். இந்தக் கலப்பைத்தான் ஆய்வகத்தில் தேடுகிறோம். ஆனால் கெடுதல் செய்தது ஹார்மோன். கலந்த செல்கள் அதன் தடயம் மட்டுமே. தென் அமெரிக்க மார்மோசெட் குரங்குகளில் இரட்டைகளின் இரத்தம் வழக்கமாகவே கலக்கிறது, ஆனாலும் பெண் குட்டி மலடாவதில்லை. ஆகவே அறிக்கையில் எக்ஸ்ஒய் செல் 2 சதவீதம்தானே என்று மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டாம். சதவீதத்துக்கும் உறுப்புச் சேதத்தின் அளவுக்கும் தொடர்பு இல்லை.

முதல் சோதனையைத் தொழுவத்திலேயே செய்துவிடலாம். கன்றுக்கு 1 முதல் 4 வாரம் ஆகியிருக்கும்போது செய்வது நல்லது. 1 முதல் 1.5 செ.மீ. தடிமனில், நுனி உருண்ட, வழவழப்பான பிளாஸ்டிக் குழாய் வேண்டும். கண்ணாடிச் சோதனைக் குழாய் உடையக்கூடியது, வேண்டாம். குழாயில் 5, 8, 12, 15 செ.மீ. அளவில் கோடு போட்டு, கிருமி நீக்கி, லிக்விட் பாரஃபின் தடவிக்கொள்ளுங்கள். ஒருவர் கன்றை நிற்கவைத்துப் பிடிக்கட்டும். அறையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு, குழாயின் நுனி சற்று மேல்நோக்கி இருக்கும்படி நுழையுங்கள். கீழ்த்தரையில் சிறுநீர்த் துவாரம் இருப்பதால் நுனி அதில் இறங்கிவிடக் கூடாது. சற்று உள்ளே போனதும் குழாயைப் படுக்கைவாட்டில் சாய்த்து, தானாகப் போகும் வரை மட்டும் செலுத்துங்கள். தட்டினால் நிறுத்திவிடுங்கள். அழுத்தித் தள்ளினால் யோனிச் சுவர் கிழிந்து வயிற்றறை வரை புண்ணாகும், நல்ல கன்றும் போய்விடும். அனுபவம் இல்லாதவர்கள் மருத்துவரையே செய்யச் சொல்வது மேல்.

சாதாரணக் கன்றில் 12 முதல் 15 செ.மீ. வரை போகும். மலட்டுக் கிடாரியில் 5 முதல் 8 செ.மீ.யில் முட்டி நின்றுவிடும். அதே வயதில் தனியாகப் பிறந்த கிடாரி தொழுவத்தில் இருந்தால் முதலில் அதை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். ஜெர்சி கலப்புக்கும் சின்ன நாட்டுக் கன்றுக்கும் நீளம் மாறும். குழாய் முழுதாகப் போனாலும் வெற்றி என்று எண்ணிவிடக் கூடாது. யோனி நீளமாகவும் கருப்பை வாய் இல்லாமலும் இருக்கும் கன்றுகள் உண்டு. குறைவாகப் போனால் சந்தேகம் கிட்டத்தட்ட உறுதி. நீளமாகப் போனால் இரத்தச் சோதனைக்கு அனுப்புங்கள்.

இரத்தச் சோதனையில், மரபணுத் துண்டைப் பெருக்கிக் காட்டும் பிசிஆர்தான் நம்பகமானது. இரத்தம் கட்டாமல் தடுக்கும் இடிடிஏ மருந்திட்ட குழாயில் 2 மி.லி. போதும், எந்த வயதிலும் எடுக்கலாம், கூடப்பிறந்த காளை செத்துப்போயிருந்தாலும் பரவாயில்லை. முடி வேரை அனுப்பாதீர்கள்: கலப்பு இருப்பது இரத்தத்தில், முடி கன்றின் சொந்த எக்ஸ்எக்ஸைத்தான் காட்டும். காளைக்கன்றுக்குக் குத்திய ஊசியால் கிடாரிக்கும் குத்தினால் பொய்யாக ஒய் தெரியும். புது ஊசி, புதுக் கையுறை, உடனே பெயர்ச்சீட்டு. ஒய் மரபணுவை மட்டும் தேடும் சோதனையில் மாதிரி கெட்டிருந்தாலும் ‘இல்லை’ என்றே வரும். அதனால் மாதிரி நன்றாக இருந்ததற்கு அடையாளமான எக்ஸ் மரபணுவின் பட்டையும் தெரிந்ததா என்று ஆய்வகத்தில் கேளுங்கள்.

குரோமோசோம் படம் எடுப்பதானால் ஹெப்பாரின் என்ற வேறொரு மருந்திட்ட குழாயில் இரத்தம் போக வேண்டும், செல்களை உயிரோடு வளர்க்க வேண்டியிருப்பதால் குளிரில் பனிக்கட்டியாக உறையவிடவும் கூடாது. இதில் நம் ஊருக்கு ஒரு சிக்கல் உண்டு. ஜெர்சி, எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) காளைகளின் ஒய் குரோமோசோம், இரு கை கொண்டது, சுலபமாகக் கண்ணில் படும். காங்கேயம், சாகிவால் போன்ற திமில் இனக் காளைகளின் ஒய், மற்ற சிறு குரோமோசோம்களைப் போலவே மையப்புள்ளி ஒரு முனையில் அமைந்து, ஒரே கை கொண்டதாகத் தெரியும். சினை ஊசி எந்த இனக் காளையுடையது என்று எழுதிக்கொடுக்காவிட்டால் பார்ப்பவர் தவறவிட வாய்ப்புண்டு. நாட்டு இனத்துக்குப் பிசிஆரே போதும் என்பது எங்கள் முடிவு.

சோதனை எதுவும் செய்யாமல் வளர்த்துவிட்டீர்களா? 10, 12 மாதத்தில் மருத்துவர் ஆசனவாய் வழியே கைவிட்டுப் பார்த்தால் கருப்பை வாய் இருக்கிறதா, கருப்பைக் கொம்பு நூலாக இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

தனியாகப் பிறந்த கிடாரியிலும் அபூர்வமாக இது வரும்: நாளங்கள் இணைந்த பிறகு காளைக்கரு வயிற்றிலேயே கரைந்துபோயிருக்கும். கூடப்பிறந்த காளைக்கன்று பெரும்பாலும் தப்பித்துவிடும் என்றாலும், சிலவற்றின் விந்துத் தரம் குறைவாக இருக்கலாம். இனவிருத்திக்கு வைப்பதானால் விந்தைச் சோதித்த பிறகு விடுங்கள்.

இந்தக் கணக்கை ஆட்டுக்குப் போடாதீர்கள். ஆட்டில் கிடாவும் பெட்டையுமாகக் குட்டி பிறப்பது சாதாரணம், நஞ்சுக்கொடி நாளங்கள் இணைவது அரிது, பெட்டையைத் தாராளமாக வளர்க்கலாம். வெள்ளாட்டில் இருபாலாகத் தெரியும் குட்டி பிறந்தால் கொம்பைப் பாருங்கள். கொம்பில்லாத கிடாவையும் கொம்பில்லாத பெட்டையையும் சேர்த்தால், கொம்பின்மைக்கான மரபணு இரட்டையாக வந்து, எக்ஸ்எக்ஸ் குட்டியே ஆண் தோற்றத்தோடு மலடாகப் பிறக்கலாம். ஜோடியில் ஒன்றுக்காவது கொம்பு இருக்கட்டும்.