பழவேற்காட்டு ஏரியில் பூநாரை பார்க்க வேனிலேயே தங்கிப் போய்வருவது எப்படி?

எங்களுக்கு வீடு ஆரம்பாக்கம். வண்டியை எடுத்தால் சில நிமிஷத்தில் ஆந்திரா வந்துவிடும். மூன்று சீசனாக எங்கள் ஈக்கோ வேனில் படுக்கை போட்டு, நானும் மனைவியும் பையனும் ஏரியின் ஆந்திரக் கரையில் இருக்கும் சூளூர்ப்பேட்டைப் பக்கம் இரண்டு இரண்டு நாள் தங்கிப் பறவை பார்த்துவிட்டு வருகிறோம். கேரவன் என்றால் ஷூட்டிங் வண்டிதான் என்று நினைத்து யாரும் ஒதுங்க வேண்டாம். சாதாரண வேன் போதும். வண்டியை எங்கே, எந்தப் பக்கம் பார்த்து, எந்தத் தரையில் நிறுத்துகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு முழுக் காலை போனது, கீழே சொல்கிறேன்.

எப்போது போவது

அக்டோபர் முதல் மார்ச் வரை சீசன். வடகிழக்கு மழையில் ஏரி நிரம்பி, பிறகு மெல்ல வடியத் தொடங்கும்போது தண்ணீர் முழங்கால் அளவுக்கு வரும். நீண்ட கால் உள்ள பறவைக்கு அதுதான் வசதி. அதனால் எனக்குப் பிடித்தது ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி கடைசி வரை. அந்த நேரத்தில் இரவும் குளிர்ச்சியாக இருக்கும், வேனில் தூங்கலாம். மழை பொய்த்த வருஷத்தில் சாலையோரம் சீக்கிரமே காய்ந்துவிடும், அப்போது முன்னாலேயே போய்விடுங்கள்.

கிளம்பும் முன் இன்னொன்று. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் தேதியைப் பார்த்துவிடுங்கள். நாம் பறவை பார்க்கப் போகும் ஏரிச் சாலைதான் ஏவுதளத்துக்குப் போகும் சாலை, அன்றைக்குக் கெடுபிடி அதிகம்.

வேனில் என்ன வேண்டும்

படுக்கைக்காக சீட்டைப் பிடுங்கி, வெல்டிங் வைத்து, கூரையைத் துளைத்து எதுவும் செய்யாதீர்கள். ஆர்.சி. புத்தகத்தில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு தடுக்கிறது. நான் செய்தது, சீட்டு இருந்தபடியே இருக்க, அதற்கு மேல் நிற்கிற மாதிரி நாலு கால் வைத்த பிளைவுட் பலகை, மேலே இலவம்பஞ்சு மெத்தை. ஊருக்கு வந்ததும் இரண்டு பேர் தூக்கி வெளியே வைத்துவிடலாம்.

ஃபேன் விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு: 12 வோல்ட் ஃபேன் வாங்கி நேராக பேட்டரியில் கொடுங்கள், இன்வெர்ட்டர் வேண்டவே வேண்டாம். 12 வோல்ட், 100 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரியில் ஏறக்குறைய 1200 வாட்-அவர் இருக்கும். 25 வாட் ஃபேன் ஒன்பது மணி நேரம் ஓடினால் 225தான் போகும். ஃபேன், விளக்கு, போன் சார்ஜ் எல்லாம் சேர்த்து மூன்று இரவு கவலையில்லை. இன்வெர்ட்டர் வைத்தால் சும்மா இருக்கும்போதே அது கொஞ்சம் குடிக்கும், சத்தமும் போடும். இது வண்டியின் சொந்த பேட்டரி இல்லை, தனி பேட்டரி. சொந்த பேட்டரியில் ஃபேன் போட்டால் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாது.

கொசுவலையை ஜன்னல் அளவுக்கு வெட்டி ஓரத்தில் காந்தப் பட்டி தைத்துவிட்டால் உள்ளிருந்தே ஒட்டி எடுக்கலாம். ஏரிக்கரைக் கொசு சாயங்காலம் ஆறு மணிக்கே வந்துவிடும், எனவே ஐந்தரைக்கே வலை ஏறிவிட வேண்டும்.

ஒன்றை மட்டும் கட்டாயமாகச் சொல்கிறேன். புழுக்கமாக இருக்கிறதே என்று இன்ஜினை ஓடவிட்டு ஏசி போட்டுத் தூங்காதீர்கள். உள்ளே அடுப்பும் பற்றவைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். சமையல் வெளியேதான்.

எல்லையைத் தாண்டுவது

சொந்த வெள்ளை போர்டு வண்டிக்கு ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று, லைசென்ஸ் போதும். (சேர்த்தது: வாடகை கேம்பர் வேன் எடுத்துப் போகலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். மஞ்சள் போர்டு என்றால் ஆந்திராவுக்குள் செல்லும் பெர்மிட் இருக்கிறதா என்று வண்டிக்காரரிடம் முதலிலேயே கேட்டு, காகிதத்தைக் கையில் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.)

இரவு எங்கே

ஏரிச் சாலையில் தங்காதீர்கள். அது பாதுகாப்பு வளையத்துக்குள் போகும் சாலை, ராத்திரி அங்கே நின்றால் எழுப்பி அனுப்புவார்கள், அது அவர்கள் கடமை. நாங்கள் தங்குவது தேசிய நெடுஞ்சாலை 16-இல், சூளூர்ப்பேட்டைக்குப் பக்கத்து பெட்ரோல் பங்க் ஒன்றில். டீசல் போட வரும் லாரிக்காரர்கள் தூங்கும் இடம், விளக்கு இருக்கும், கழிவறை இருக்கும். பெட்ரோல் போட்டுவிட்டு மேனேஜரிடம் நேராகக் கேட்டுவிட வேண்டும்: "அண்ணா, இக்கட பண்டி பெட்டுகோவச்சா?" இங்கே வண்டி போட்டுக்கொள்ளலாமா என்று அர்த்தம். இந்த ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், இது ராத்திரிக்கு மட்டும் இல்லை. தமிழில் கேட்டாலும் இந்தப் பக்கம் பாதிப் பேருக்குப் புரியும், ஆனால் அவர்கள் மொழியில் கேட்டால் முகம் மலர்ந்து இடம் காட்டுவார்கள்.

தரையைப் பார்த்து நிறுத்துவது: இதைப் படிக்காமல் தாண்டாதீர்கள்

முதல் வருஷம், பிப்ரவரி. சூளூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலையில் ஏரி வடிந்து, இரண்டு பக்கமும் வெள்ளையாக உப்புப் பூத்துக் கிடந்தது. முந்நூறு மீட்டர் தள்ளி பூநாரைக் கூட்டம். சாலைச் சரிவிலிருந்து ஏரிக்குள் மீனவர்களின் பைக் தடம் ஓடியது. பைக் போயிருக்கிறதே, தரை கெட்டியாகத்தான் இருக்கும் என்று வேனை இறக்கிவிட்டேன்.

இருபது மீட்டர் போயிருப்போம். பின்பக்கம் உட்கார்ந்தது. ஈக்கோவுக்குப் பின்சக்கரம்தான் இழுவை, பெட்டி, பலகை, தண்ணீர்க் கேன் எல்லாப் பாரமும் அதே பின்பக்கம். நான் ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். மிதித்த ஒவ்வொரு தடவையும் ஒரு ஜாண் கீழே போனது. இறங்கிப் பார்த்தால் மேலே இரண்டு விரல் கனத்துக்கு வெள்ளை ஓடு, பிஸ்கட் மாதிரி உடைகிறது, அதற்குக் கீழே நீலம் கலந்த கறுப்புக் களி, அழுகிய முட்டை நாற்றம். பைக்கையும் ஆளையும் தாங்கும் அந்த ஓடு ஒரு டன்னுக்கு மேல் இருக்கும் வேனைத் தாங்காது. டிராக்டர் வந்தது, அதுவும் உள்ளே இறங்க மறுத்து சாலைமேலேயே நின்று, நீளக் கயிறு போட்டு இழுத்தது. வெளியே வரும்போது மத்தியானம். பறவை ஒன்றுகூட அங்கே இல்லை, நாங்கள் போட்ட சத்தத்தில் எப்போதோ போய்விட்டன. மாட்டிக்கொண்டதைவிட அதுதான் எனக்கு இன்றும் வருத்தம்.

இப்போது நான் செய்வது இது. சாலையை விட்டு ஓரடி இறக்குவது என்றாலும் முதலில் வண்டியை நிறுத்திவிட்டு நடக்கிறேன். குதிகாலை ஊன்றி அழுத்துகிறேன். குழி விழுந்து ஒரு நிமிஷத்தில் அதில் ஈரம் ஊறினால் வேண்டாம். நீளமான ஸ்க்ரூடிரைவர் ஒன்று வைத்திருக்கிறேன், அது கைப்பிடி வரை வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கினாலும் வேண்டாம். செடியும் சொல்லும்: தரையோடு படர்ந்த உமரி இருந்தால் அது உப்பு ஈரம் தங்கும் நிலம், விலகிவிடுங்கள். சீமைக்கருவேலம் வளர்ந்து, மாடு படுத்த சாணி காய்ந்து கிடக்கும் மேட்டுத் தரை கொஞ்சம் நம்பலாம். இதற்கெல்லாம் மேலே, பக்கத்தில் வலை உலர்த்தும் ஆள் இருந்தால் அந்தத் தெலுங்கு வாக்கியத்தைக் கேளுங்கள். போன வருஷம் நான் கேட்ட பெரியவர் தலையைக்கூடத் தூக்கவில்லை, "வத்து, திகபடுதுந்தி" என்றார். வேண்டாம், புதைந்துவிடும். தரை எனக்கு நன்றாகத்தான் தெரிந்தது. ஆனாலும் இறக்கவில்லை.

மாட்டிவிட்டால்? உடனே ஆக்ஸிலேட்டரை விடுங்கள். எல்லாரையும் இறக்கி, பின் பாரத்தையும் இறக்குங்கள். டயர் காற்றை 20 பி.எஸ்.ஐ. வரை குறைத்தால் டயர் அகன்று பிடிக்கும். சக்கரத்துக்கு முன்னால் உள்ள களியை வாரிவிட்டு சாக்கோ படுக்கைப் பலகையோ கொடுத்து, முதல் கியரில் மெதுவாக. (காற்றடிக்கும் சின்ன பம்ப் இல்லாமல் காற்றை இறக்காதீர்கள், அப்படியே நெடுஞ்சாலையில் ஓட்ட முடியாது.) கயிறு பன்னிரண்டு மீட்டராவது இருக்கட்டும். இழுவைக் கொக்கி எங்கே மாட்டுவது என்று வீட்டிலேயே பார்த்து வையுங்கள்.

வெளிச்சத்தைப் பார்த்து நிறுத்துவது

அந்தச் சாலை மேற்கிலிருந்து கிழக்காக ஏரியைக் குறுக்கே வெட்டிப் போகிறது. குளிர்காலத்தில் சூரியன் தெற்குப் பக்கமாகவே நகரும். அதனால் சாலைக்கு வடக்கே நிற்கும் பறவைமேல் முழு வெளிச்சம் விழும், தெற்கே நிற்பது வெறும் நிழல் உருவமாகத் தெரியும். நாம் இடதுபக்கம் ஓட்டுகிறோம். ஆகவே சூளூர்ப்பேட்டையிலிருந்து போகும்போதே இடது ஓரத்தில், அகலமான இடமாகப் பார்த்து நிறுத்தினால் வேனின் இடது கதவு நேராக வடக்கே ஏரியைப் பார்க்கும். திரும்பி வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் கண் கூசும். விடிவதற்கு அரை மணி முன்னால் அங்கே இருங்கள். சோதனைச் சாவடி வரை போக வேண்டியதே இல்லை.

நின்றதும் இன்ஜினை அணைத்து, கதவைத் திறந்து, உள்ளேயே உட்காருங்கள். இதற்காகத்தான் வேன். பறவைக்கு நிற்கும் வண்டி ஒரு பாறை மாதிரி, இறங்கி நிற்கும் ஆள்தான் ஆபத்து. ஆள் இறங்கினால் முதலில் எல்லாத் தலையும் நிமிரும், அப்புறம் எல்லாம் ஒரே திசையில் நடக்கும், அடுத்தது பறப்பதுதான். தலை நிமிர்ந்ததுமே நீங்கள் அசைவதை நிறுத்திவிட்டால் பெரும்பாலும் மறுபடி மேயும்.

பைனாகுலர் 8x42 வாங்குங்கள். 10x50 கனம், கை நடுங்கினால் எல்லாம் ஆடும். கேமராவுக்கு ஸ்டாண்டு வேண்டாம், ஒரு கிலோ அரிசியைத் துணிப்பையில் கட்டி ஜன்னல் விளிம்பில் வைத்தால் போதும். ட்ரோன் கொண்டுவரவே கூடாது, ஏவுதளம் பக்கத்தில் இருக்கிறது.

பூநாரையை அவசரப்படாமல் பாருங்கள். கழுத்தை வளைத்து, அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் வைத்துக்கொண்டு, காலால் சேற்றை மிதித்து மிதித்துத் தன்னைச் சுற்றியே வட்டமடிக்கும். கிளம்பி வரும் சிற்றுயிர்களை அலகின் ஓரத்துச் சல்லடையில் வடித்துக்கொள்ளும். அந்தச் சிற்றுயிரிலும் பாசியிலும் உள்ள நிறமிதான் அதன் இளஞ்சிவப்பு. நடுவே சாம்பல் நிறத்தில் நிற்பவை இளம் பறவைகள், இன்னும் நிறம் ஏறாதவை. ஒருநாள் காலை கூட்டம் தானாகவே எழுந்து எங்கள் வேனுக்கு மேலே போனது. மடக்கி வைத்த வரை வெளிறித் தெரிந்த இறக்கை விரிந்ததும் உள்ளே அவ்வளவு சிவப்பு, ஓரத்தில் கறுப்பு. பையன் பேசாமல் என் சட்டையைப் பிடித்துக்கொண்டான்.

பத்து மணிக்கு மேல் நேலபட்டு

வெயில் ஏறியதும் கானல் அலையடிக்கும், ஏரியில் ஒன்றும் தெளிவாகத் தெரியாது. அப்போது நெல்லூர் போகும் வழியில் இருபது கிலோமீட்டர் போல வடக்கே நேலபட்டு சரணாலயம் போய்விடுங்கள். 1976-இல் அறிவித்த இடம், ஐந்து சதுர கிலோமீட்டர்கூட இல்லை. ஏரித் தண்ணீரில் நிற்கும் கடம்ப மரங்களில் கூழைக்கடா கூடு கட்டும். அவை மீன் பிடிக்கப் பழவேற்காட்டுக்குத்தான் போய்வருகின்றன, காலையில் நாம் பார்த்த அதே பறவை இங்கே குஞ்சுக்கு ஊட்டுவதைப் பார்க்கலாம்: குஞ்சு தாயின் அலகுப்பைக்குள் தலையை முழுசாக விட்டுவிடும். இந்த ஊர்க்காரர்கள் பறவைகளைத் தொந்தரவு செய்வதில்லை. எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரியும். வண்டியை வெளியே நிழலில் விட்டு நடந்துதான் போக வேண்டும். நத்தைகுத்தி நாரை, வக்கா, நீர்க்காகம் எல்லாம் கரையிலிருந்தே தெரியும்.

வீடு வந்ததும்

அன்றைக்கே வண்டியின் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள், நாளை என்று தள்ளாதீர்கள். சக்கர வளைவின் உள்பக்கம், சைலன்சருக்கு மேலே, பின் ஸ்பிரிங்கின் இடுக்கு, இந்த மூன்று இடத்தில்தான் உப்புச் சேறு ஒளிந்திருக்கும். மேலாகத் தண்ணீர் அடித்தால் போகாது. கையை விட்டுத் தடவிப் பாருங்கள், நறநறவென்று இருந்தால் இன்னொரு தடவை.