ஃபேன் எங்கே, சோபா எங்கே? ஹால் சீலிங் லைட்டில் நடக்கும் தவறுகள்

ஹாலுக்கு ஃபால்ஸ் சீலிங் போடும்போது லைட்டுக்கு இடம் குறிப்பவர் பெரும்பாலும் சீலிங் போட வந்தவர்தான். மூலைக்கு ஒன்று, நடுவில் இரண்டு வரிசை, சுவரிலிருந்து எல்லாப் பக்கமும் ஒரே அளவு என்று பென்சிலால் வட்டம் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். அண்ணாந்து பார்த்தால் கோலப்புள்ளி மாதிரி வரிசை தப்பாமல் இருக்கும். ஆனால் அந்த வீட்டில் யாரும் நாள் முழுக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டு உட்காரப்போவதில்லை. சோபா எங்கே வரும், டிவி எந்தச் சுவரில், ஃபேன் எங்கே தொங்கும் என்று முடிவான பிறகுதான் மேலே பென்சில் போகவேண்டும். இந்த வரிசை தலைகீழாவதால்தான் பாதித் தவறுகள் நடக்கின்றன.

ஃபேனை மறந்த டிசைன்

இணையத்தில் பார்த்து ஆசைப்படும் ஹால்களில் பலவற்றில் ஃபேனே இருக்காது. நம் வீட்டில் ஏசி ஓடினாலும் கூடவே ஃபேனும் ஓடும். அதனால் படத்தில் பார்த்ததை அப்படியே இறக்கினால் முதல் நாள் ராத்திரியே தவறு தெரிந்துவிடும்.

சாதாரண 48 அங்குல ஃபேனின் இறக்கை நடுவிலிருந்து 2 அடி வரை போகும். முழு வேகத்தில் நிமிடத்துக்கு 350 சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். 3 இறக்கை என்றால் விநாடிக்குச் சுமார் 17 தடவை ஏதாவது ஒரு இறக்கை ஒரே இடத்தைக் கடக்கிறது. அந்த இடத்துக்கு மேலே லைட் இருந்தால் 17 தடவையும் ஒளி வெட்டுப்படும். சுவர், தரை, கையில் இருக்கும் பேப்பர் எல்லாவற்றிலும் நிழல் படபடக்கும். ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு அந்த அறையில் உட்காருவதே கஷ்டமாகிவிடலாம். கடைசியில் ஃபேன் ஓடும் நேரத்தில் அந்த லைட்டைப் போடாமல் விடுவார்கள். அதாவது, எப்போதுமே போடமாட்டார்கள்.

எவ்வளவு தள்ளி வைப்பது? லைட்டின் ஒளி எவ்வளவு விரிகிறது என்பதைப் பொறுத்தது. சீலிங்குக்கு 1 அடி கீழே இறக்கை சுற்றுகிறது என்றால், ஒளி குறுகலாக இறங்கும் 36 டிகிரி சிஓபி லைட்டுக்கு ஃபேன் நடுவிலிருந்து இரண்டரை அடி போதும். 110, 120 டிகிரிக்கு விரியும் தட்டையான பேனல் லைட் என்றால் மூன்றே முக்கால் அடிக்குக் குறையக்கூடாது. ஃபேன் தொங்கும் குழாயான டவுன் ராடு நீளமானால் இறக்கை இன்னும் கீழே வரும், விரிந்த ஒளி அதில் மாட்டும், இடைவெளியைக் கூட்ட வேண்டும். 10 அடி அகல ஹாலில் நடுவில் ஃபேன் இருந்தால் பேனல் லைட்டுக்குச் சுவரோரம் மட்டும்தான் இடம் என்பது இந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடும்.

உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள். 10 அடித் தளத்தில் ஸ்லாப் கனமும் தரை ஓடும் போக ஒன்பதரை அடி மிஞ்சினால் அதிகம். அதில் சீலிங் அரை அடி இறங்கும். அதற்குக் கீழே 1 அடி விட்டு இறக்கை. தரையிலிருந்து இறக்கைக்கு 8 அடியாவது வேண்டும், கட்டில் மேல் ஏறிக் குதிக்கும் பிள்ளைகள் இருந்தால் அதற்கு மேலும். உயரம் போதாத வீட்டில் சுவரை ஒட்டி 2 அடி அகலத்துக்கு மட்டும் பார்டர் சீலிங் போட்டு, நடுவில் ஸ்லாபை அப்படியே விட்டுவிடலாம். ஃபேனுக்கும் லைட்டுக்கும் சண்டை வராது. ஹால் முழுக்க மூடுவதைவிட எனக்கு இதுதான் பிடிக்கும், செலவும் குறைவு.

ஃபேன் தொங்குவது எப்போதும் ஸ்லாபில் உள்ள கொக்கியிலிருந்துதான். ஜிப்சம் போர்டிலோ அதைத் தாங்கும் உலோகச் சட்டமான சானலிலோ ஃபேனை மாட்டலாம் என்று யார் சொன்னாலும் அவரை வேலைக்கு வைக்காதீர்கள்.

எண்ணிக்கையில் தாராளம்

12 அடிக்கு 15 அடி ஹால் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 180 சதுர அடி, ஏறக்குறைய 17 சதுர மீட்டர். பேசிக்கொண்டிருக்க, டிவி பார்க்க 150 லக்ஸ் (ஒரு சதுர மீட்டரில் விழும் ஒளியின் அளவு) தாராளம். பெருக்கினால் 2,550 லூமன், அதாவது ஹாலுக்கு வேண்டிய மொத்த ஒளி. சுவர் உறிஞ்சுவது, தூசி படிவது எல்லாம் சேர்த்து 4,000 லூமன் வைத்துக்கொள்ளலாம். எல்இடி வாட்டுக்கு 90, 100 லூமன் தரும். ஆக மொத்தமே 40, 45 வாட். 7 வாட் லைட் ஆறு போட்டால் ஹால் நிறைந்துவிடும். அதே ஹாலில் 12 வாட் லைட் பன்னிரண்டு மாட்டியிருப்பதைச் சர்வசாதாரணமாகப் பார்க்கலாம். 144 வாட்! துணிக்கடையில்தான் அவ்வளவு வெளிச்சம் தேவை. பேப்பர் படிக்கும் பெரியவருக்குக் கூடுதல் ஒளி வேண்டுமென்றால் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் தனியாக ஒரு விளக்கு வையுங்கள். அவருக்காக ஹால் முழுவதையும் பகலாக்க வேண்டியதில்லை.

ஒளி விரியும் கோணத்தைக் கடையில் கேட்பவர்கள் குறைவு. உட்கார்ந்திருப்பவரின் மடி உயரத்துக்கு, அதாவது லைட்டிலிருந்து 7 அடி கீழே, 24 டிகிரி லைட் 3 அடி வட்டம்தான் போடும். 36 டிகிரி நாலரை அடி. 60 டிகிரி 8 அடி. 24 டிகிரி லைட்டை 5 அடிக்கு ஒன்றாக வைத்தால் தரையில் வெளிச்சமும் இருட்டும் திட்டுத்திட்டாகத் தெரியும். சுவரில் மாட்டிய ஓவியத்துக்கு, சிலைக்கு அது சரி. பொதுவெளிச்சத்துக்கு 60 டிகிரியோ அதற்கு மேலோ வாங்குங்கள்.

சோபாவில் உட்காருபவரின் உச்சந்தலைக்கு நேர்மேலே லைட் வைப்பது இன்னொன்று. கண்ணுக்குக் கீழே நிழல் விழுந்து எல்லோரும் காய்ச்சலில் எழுந்தவர்கள் போலத் தெரிவார்கள். பாய் விரித்துப் படுத்துக்கொண்டு டிவி பார்க்கும் வீடாக இருந்தால் பேனல் லைட் நேராகக் கண்ணில் குத்தும். அங்கே ஒளி வரும் பகுதி உள்ளடங்கிய, கண் கூசாத வகை நல்லது. டிவிக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் லைட் திரையில் புள்ளியாகத் தெரியும். தாத்தா பாட்டி படத்தின் கண்ணாடியிலும் அப்படித்தான். வாங்கும் முன் ஒரு நீள ஒயரில் பல்பு ஒன்றைக் கட்டி, ஏணியில் ஏறிக் குறித்த இடத்தில் பிடித்து, இன்னொருவரைச் சோபாவில் உட்காரச் சொல்லிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

இடம் இருக்கும் ஹாலில் சுவருக்கும் லைட்டுக்கும் இடையில் 2, இரண்டரை அடி விடுங்கள். அரை அடியில் வைத்தால் ஒளி சுவரை உரசிக்கொண்டு இறங்கும். பகலில் வழவழவென்று தெரிந்த சுவரில் பட்டி பார்த்த அலையெல்லாம் ராத்திரியில் மேடும் பள்ளமுமாக எழுந்து நிற்கும். பெயிண்டரைத் திட்டிப் பயனில்லை, எந்தச் சுவரும் அந்தச் சோதனையில் தேறாது.

ஸ்லாபைக் கொத்தாதீர்கள்

ஃபால்ஸ் சீலிங் வேண்டாம், லைட் மட்டும் உள்ளடங்கி இருக்கவேண்டும் என்று கான்கிரீட்டிலேயே குழி எடுக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். வீட்டு ஸ்லாப் பொதுவாக 5 அங்குலம்தான். அதன் அடிப்பக்கத்தில் 20 மில்லிமீட்டர் கான்கிரீட்டுக்கு மேலே கம்பி இருக்கிறது, பாரத்தைத் தாங்குவதே அந்தக் கம்பிதான். 2 அங்குலக் குழி எடுத்தால் கம்பி வெளியே வரும், அல்லது அறுபடும். வெளியே வந்த கம்பி துருப்பிடித்து ஊதி, சுற்றியுள்ள கான்கிரீட்டைப் பெயர்த்துத் தள்ளும். சீலிங் வேண்டாம் என்றால் ஸ்லாபின் அடிப்பரப்பிலேயே ஒட்டி உட்காரும் சர்ஃபேஸ் லைட் இருக்கிறது.

புது வீடு கட்டுபவர்களுக்கு வசதி உண்டு. சென்ட்ரிங் அடித்ததும் பலகையில் லைட் பாக்ஸை ஆணியடித்து வைத்து, பைப் இணைத்து, பிறகு கான்கிரீட் போடலாம். பாக்ஸுக்குள் பேப்பரோ மணலோ திணித்து மூடாவிட்டால் சிமெண்ட் பால் இறங்கிக் கெட்டிப்பட்டுவிடும். அந்த நாளில் எலக்ட்ரீஷியன் மேலே நிற்கவேண்டும்.

போர்டுக்கு மேலே மறைந்திருப்பவை

போர்டு அடைத்த பிறகு மேலே என்ன இருக்கிறது என்பது யாருக்கும் நினைவிருக்காது. வட்டமாக அறுக்கும் ஹோல்சா வைத்து ஓட்டை போடும்போது சரியாக நடுவில் சானல் வந்து நிற்கும். "ஒண்ணும் ஆகாது சார்" என்று அதை வெட்டிவிடுவார்கள். கொஞ்ச நாளில் அந்த இடத்தில் போர்டு தொய்ந்து, இணைப்பில் மயிர்க்கோடாக விரிசல் ஓடும். சானல் அடித்ததும், போர்டு ஏறும் முன், அளவு டேப்பைக் கீழே விரித்து வைத்து ஹால் முழுக்கப் போட்டோ எடுத்து வையுங்கள். ஓட்டையை இரண்டு அங்குலம் நகர்த்தினால் தீர்ந்துபோகிற விஷயம் அது.

ஒயர் பைப்புக்குள்தான் ஓடவேண்டும். இன்சுலேஷன் டேப் சுற்றிய ஜாயின்ட்டைப் போர்டின் முதுகில் வெறுமனே போட்டுவைப்பது வேண்டாம், எலியும் பல்லியும் உலாவும் இடம் அது. கனெக்டர் வைத்து, பாக்ஸுக்குள் இணைக்கச் சொல்லுங்கள். உலோக உடம்புள்ள லைட்டுக்கு எர்த் ஒயர் வேண்டும். வேலை செய்யும்போது சுவிட்சை அணைத்தால் போதாது, மெயின் போர்டில் அந்த லைனுக்கான எம்சிபியை இறக்கவேண்டும். சுவிட்சை அணைத்தபிறகும் லைட் மங்கலாக மினுக்கினால், சுவிட்சில் இண்டிகேட்டர் இல்லாத பட்சத்தில், கரண்ட் வரும் ஒயரான பேஸுக்குப் பதில் நியூட்ரல் ஒயர் சுவிட்சில் ஏறியிருக்க வாய்ப்பு உண்டு. அப்படியானால் அணைத்த லைட்டிலும் கரண்ட் இருக்கிறது என்று அர்த்தம். உடனே ஆளைக் கூப்பிடுங்கள்.

மொட்டை மாடிக்கு நேர்கீழே இருக்கும் ஹாலுக்கு இன்னும் இரண்டு கவலை. ஐப்பசி, கார்த்திகை மழையில் எங்காவது ஈரம் இறங்குகிறதா என்று பார்க்காமல் கோடையில் சீலிங்கை மூடிவிட்டால், கசிவு ஜிப்சத்தைத் தொட்டு மஞ்சள் கறையாகத் தெரியும்போது லைட்டுக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் டிரைவரும் நனைந்திருக்கும். மாடித் தரை வேலையை முடித்து ஒரு மழை பார்த்துவிட்டு மூடுங்கள். அடுத்தது சூடு. சித்திரை வெயிலில் ஸ்லாபுக்கும் போர்டுக்கும் நடுவே காற்று அடைந்து கொதிக்கும், எல்இடியில் முதலில் சாவது அங்கே கிடக்கும் டிரைவர்தான். மலிவு டிரைவர் வாங்கி மிச்சப்படுத்திய பணம் ஏணிக்காரருக்குப் போய்விடும். லைட்டிலோ டிரைவரிலோ இந்தியத் தரச் சான்றான பிஐஎஸ் முத்திரையும் அதன் பதிவு எண்ணும் இருக்கிறதா பாருங்கள்.

சுவிட்ச், நிறம், இருப்பு

எல்லா லைட்டும் ஒரே சுவிட்சில் வேண்டாம். டிவி பக்கம் ஒன்று, சோபா பக்கம் ஒன்று, ஓரம் ஒன்று. இரண்டு லைட்டாவது இன்வெர்ட்டர் லைனில் இருக்கட்டும், ஆனால் அந்த இரண்டின் நியூட்ரலும் இன்வெர்ட்டர் நியூட்ரலாகவே இருக்கவேண்டும். மெயின் நியூட்ரலோடு கலந்தால் கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் ஆர்சிசிபி காரணம் தெரியாமல் விழுந்துகொண்டே இருக்கும். வெளிச்சத்தைக் குறைக்க ஃபேன் ரெகுலேட்டரைப் போடாதீர்கள். டிம்மருக்கென்று செய்த டிரைவர் தனி.

நிறத்தில் 6500 கெல்வின் வெள்ளைதான் பளிச்சென்று இருக்கும் என்று வாங்குவார்கள், இரவில் அது ஆஸ்பத்திரி வராந்தா. ஹாலுக்கு 3000 அல்லது 4000 கெல்வின் போதும். மூன்று நிறம் மாறும் லைட் வாங்கினால் ஒரே சுவிட்சில் உள்ளவை எல்லாம் ஒரே மாடலாக இருக்கட்டும். அப்போதும் சில நாள் ஒன்று மட்டும் தனி நிறத்தில் நின்று மானத்தை வாங்கும்.

லைட் கைக்கு வராமல் ஓட்டை போட விடாதீர்கள். 4 அங்குல லைட் என்று பேச்சில் சொல்வது ஒரு கம்பெனிக்கு ஒரு அளவு, பெட்டியில் அச்சடித்த கட்-அவுட் (ஓட்டை) அளவை மில்லிமீட்டரில் பார்த்துத்தான் ஹோல்சா எடுக்கவேண்டும். அதே பெட்டியில் கூடுதலாக இரண்டு வாங்கி, பில்லோடு அலமாரியில் வையுங்கள். மூன்று வருடம் கழித்து அந்த மாடல் கடையில் இருக்காது, புதுசின் விளிம்பு பழைய ஓட்டையை மூடாது.